மதினி கேட்டுவிடுவார்

பல்கலைக்கழகத்துக்குப் போகப் பயந்துகொண்டு என்னுடைய டி.சி.யை நானே ஒளித்து வைத்தவன் நான். டி.சி. என்றால் பள்ளிக்கூடத்தில் கடைசி நாளில் தருகிற மாற்றுச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் எந்தக் கல்லூரியிலும் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். ஒளித்த இடம் ஏலக்காய் மூட்டை. மூன்றாம் நாள் மூட்டை விற்றுப்போய்விட்டது.

பதினெட்டு வயதில் செய்தது என்று சலுகை கேட்கலாம். வீட்டில் தருவதில்லை. இந்த ஜூனில் என் மகள் வெளிமாநிலத்துக்குப் படிக்கப் போகிறாள். அவளுடைய அசல் சான்றிதழ்களை மேசையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒத்தாசையாக இருக்கட்டுமே என்று கையை நீட்டினேன். தாயும் மகளும் ஒரே நேரத்தில் கோப்பின்மேல் கையை வைத்து மறைத்தார்கள். அன்று முழுக்க எனக்கு மதினி ஞாபகமாகவே இருந்தது.

மதினி என் அண்ணன் மனைவி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரள எஸ்டேட்டில், லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே கங்காணி. எங்களுக்குப் போடியில் வீடு, மெட்டுக்கு மேலே மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். பெண் பார்க்க ஜீப்பில் போயிருந்தோம். காப்பி கொண்டுவந்த பெண், டம்ளரை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றது.

"ஒண்ணு கேக்கலாமா?"

அண்ணன் தலையை ஆட்டினான். பாட்டுப் பாடத் தெரியுமா, சம்பளம் எவ்வளவு, அந்த மாதிரி ஏதோ வரப்போகிறது என்று நாங்களும் தயாரானோம்.

"உங்க வீட்ல கக்கூஸ் இருக்கா?"

அப்பா தன் காப்பி டம்ளருக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவன். "இல்ல. கட்டணும்னு இருக்கோம்" என்றான்.

"கட்டிட்டுச் சொல்லி விடுங்க. சேலை எடுக்கிறதெல்லாம் பிறகு பாத்துக்கலாம்."

திரும்பி வருகையில் பாதி மலை இறங்கிய பிறகுதான் அப்பா, "பிள்ளை கேட்டதுல தப்பொண்ணும் இல்லையேப்பா" என்றார். என் அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடிவதற்கு முன்னால் ஓடைப்பக்கம் போய் வந்துகொண்டிருந்தவர். அந்தக் கேள்வியை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நாற்பது நாளில் கக்கூஸ் கட்டி முடித்தோம். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். எங்கள் தெருவில் முதன்முதலாக ஒரு கட்டடம் சீர் வரிசையில் சேர்ந்தது அப்போதுதான். அதுவும் மாப்பிள்ளை வீட்டார் செய்த சீர்.

மதினி கேட்டுவிடுவார். அவரைப் பற்றி ஒற்றை வரியில் சொல்வதென்றால் அவ்வளவுதான். மனதில் ஒரு சந்தேகம் வந்தால் அது வாய்வரை வர எங்களுக்கெல்லாம் இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். அவருக்கு மூச்சு விடுகிற நேரம். "கேட்டா என்ன, இல்லைம்பாங்க. அம்புட்டுத்தானே?" என்பார். இல்லை என்று சொல்லிவிட்டவர்கள்மேல் அவருக்குக் கோபமும் வராது. நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்க் கேட்பார்.

தோட்டத்துக்கு வேலையாட்களோடு ஜீப்பில் ஏறும்போது தினமும் அடிவாரத்தில் ஓட்டுநரிடம் கேட்பார்: "அண்ணே, பிரேக்கு பிடிக்குதா?" ஜீப்பில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரிப்பார்கள். ஓட்டுநருக்கு எரிச்சலாக இருக்கும். "பிடிக்காம நான் என்ன காலாலயா நிப்பாட்டுறேன்? உக்காரு தாயி" என்பார். ஒரு வருடத்துக்குமேல் தினமும் இதே கேள்வி, இதே பதில். ஒரு மழைநாள் மதினி கேட்டபோது பதில் வரவில்லை. ஓட்டுநர் தன் காலைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"என்னண்ணே, பேச்சக் காணோம்?"

"கொஞ்சம் பையத்தான் பிடிக்குது தாயி."

பதினாறு பேரும் இறங்கிவிட்டார்கள். அன்றைக்குச் சோலி கெட்டது, கூலி போனது. மறுநாள் ஜீப்பு ஒர்க்‌ஷாப்பில் நின்றது. அதற்குப் பிறகு ஓட்டுநரே, மதினி கேட்பதற்கு முன்னால், "பிடிக்குது, பிடிக்குது, ஏறு" என்று சொல்ல ஆரம்பித்தார்.

கடைசிவரை இப்படியேதான் இருந்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் அண்ணனை மட்டும் வெளியே கூப்பிட்டார். மதினி கட்டிலில் இருந்தபடியே, "சார், வயிறு என்னோடது. எங்கிட்டச் சொல்லுங்க" என்றார். டாக்டர் சுற்றி வளைத்து ஆரம்பித்தார். "அது இருக்கட்டும் சார். இந்த வருசக் காய் எடுப்பு முடியிற வரைக்கும் தாங்குமா?" டாக்டர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டுவிட்டு, "தாங்கும்மா" என்றார். தாங்கியது. ஒரு வாரம் கூடுதலாகவே தாங்கியது. கணக்கில் அவ்வளவு சரியாக இருக்கிற டாக்டரை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

நான் நேர் எதிர். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் ஒருதடவை தேனி பஸ் ஸ்டாண்டில் போடி பஸ் என்று நினைத்துக் கம்பம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச தூரத்திலேயே தெரிந்துவிட்டது. கண்டக்டரிடம் கேட்க வெட்கம். கம்பத்துக்கே போய் இறங்கி, ஏதோ சோலியாக வந்தவன்போல ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். வீட்டில் கேட்டதற்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றேன்.

இப்படிப்பட்டவனுக்குச் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. தபால்காரர் கடிதத்தைக் கொடுத்த பத்தாவது நிமிடத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்பா பனியனோடு ஒவ்வொரு வாசலாக நின்று சொல்லிக்கொண்டு போனார். ஆளாளுக்கு என் கன்னத்தைத் தடவினார்கள். நான் சிரித்துக்கொண்டே நின்றேன்.

என்னுடைய பயங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. எதிர்காலம், வாழ்க்கை என்றெல்லாம் யோசிக்கிற மூளை எனக்கு அப்போது கிடையாது, இப்போதும் கிடையாது. நாற்காலி மாதிரி உட்காருகிற கக்கூஸ் இருந்தால் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது? சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டாம் தடவை சோறு கேட்கலாமா? வகுப்பில் இங்கிலீஷில் என் பெயரைக் கேட்டால், கேட்டது பெயரைத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அழுகை வந்தால் எங்கே போய் அழுவது? வீட்டிலாவது மாட்டுக்கொட்டம் இருந்தது. என் மகளுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அவளோடு சேரப்போகிற நானூறு பிள்ளைகளும் போனில் ஒரு குழுவில் இருக்கிறார்கள். கக்கூஸ் வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டு, படத்தோடு பதில் வாங்கிவிட்டார்கள். ஆனாலும் அவள் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. பழக்கமில்லை.

பயமாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்ல முடியாது. சொன்னால் அவர் மறுபடி ஒவ்வொரு வாசலாகப் போய்த் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் டி.சி. அது காணாமல் போனால் சேர முடியாது. வேறு டி.சி. வாங்குவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும். யார்மேலும் குற்றமில்லை. கிழித்துப்போடத் தைரியமில்லை, அதில் தலைமையாசிரியர் கையெழுத்து இருந்தது. அலமாரியில் வைத்தால் அம்மா சுத்தம் செய்வார். வீட்டின் பின்னறையில் போன பருவத்து ஏலக்காய் ஆறு மூட்டை கிடந்தது. விலை விழுந்து கிடந்த நேரம். "நல்ல விலை வராம ஒரு காயக்கூட வெளிய விடமாட்டேன்" என்று அப்பா சபதம் போட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய சபதத்தை நம்பி, டி.சி.யை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, தோள்வரை கையை விட்டு அடியில் செருகினேன். திரும்பக் கட்டினேன். ஈரம் படாது, எலி வராது. என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஊருக்குப் போகிறவன் சொந்தபந்தத்திடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று, மூன்றாம் நாள் என்னை ராசிங்காபுரத்துக்குச் சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே வயிறுமுட்டத் தின்றுவிட்டு, திருநீறும் பூசிக்கொண்டு சாயங்காலம் திரும்பினேன். பின்னறை காலியாகக் கிடந்தது. வாசனை மட்டும் இருந்தது.

"விலை எந்திரிச்சிருச்சுடா அப்பு! ஆறு மூட்டையும் ஏலத்துக்கு அனுப்பிட்டேன். நீ பெறந்த நேரம்டா!" என்று அப்பா என் முதுகில் தட்டினார்.

டி.சி. ஒழிந்தது என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போடியில் ஏலக்காய் வாங்குகிறவர்கள் அதைச் சலித்துத் தரம் பிரித்து டெல்லிப் பக்கம் அனுப்புவார்கள். நான் மெட்ராசுக்குப் பயந்துகொண்டிருக்கையில் என் டி.சி. தனியாக டெல்லிக்குக் கிளம்பிவிட்டது. போதாததற்கு அதில் என் பெயர், அப்பா பெயர், பள்ளிக்கூடத்து விலாசம் எல்லாம் தெளிவாக இருந்தது. மூட்டைக்குள் கண்டதையும் போட்டுக் கலப்படம் செய்கிறவர்கள் உண்டு. விலாசத்தோடு கலப்படம் செய்த குடும்பம் போடியில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் அந்தக் காலி அறைக்குள் போய்ப் போய் நின்றேன். மூன்றாவது தடவை நிற்கும்போது மதினி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எந்தா தம்பி, என்னத்தத் தேடுற?"

"ஒண்ணுமில்ல மதினி."

"ஒண்ணுமில்லாததத் தேடுறதுக்கா மூஞ்சி இப்படி வேர்க்குது?"

சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எந்த மூட்டை?" என்றார். அப்புறம் "எம்புட்டு ஆழத்துல?" என்றார். அதற்கப்புறம்தான், தரையில் உட்கார்ந்து, சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து எழுந்தபோது செருப்பைத் தேடினார்.

"வெரசா வா. தரம் பிரிச்சு முடிக்கிறதுக்குள்ள போயிருவோம்."

முதலில் ஏலம் விடுகிற கம்பெனிக்குப் போனோம். மூட்டை எந்த வியாபாரிக்குப் போனது என்று மதினி கேட்டார். சொன்னார்கள். அந்த வியாபாரியின் சரக்குக் கிட்டங்கி எங்கே என்று டீக்கடையில் கேட்டார். சொன்னார்கள். கிட்டங்கிக் காவலாளியிடம், "உள்ள போலாமா?" என்று கேட்டார். கூடாது என்றார் காவலாளி. "பின்ன யாரக் கேட்டாப் போலாம்?" என்றார் மதினி. காவலாளிக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது.

நீளமான கூடம். முப்பது நாற்பது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் ஏலக்காயைக் குவித்து வெடித்ததையும் கறுத்ததையும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். மதினி ஒவ்வொருவரிடமாக ரகசியமாகக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு, தோட்டத்தில் அடுத்த மலைக்குக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்:

"அக்கா, எல்லாரும் இங்கிட்டுப் பாருங்க! காயோட காயா ஒரு டி.சி. வந்துச்சா? எங்க கொழுந்தனாரு மெட்ராசுக்குப் படிக்கப் போகப் பயந்துக்கிட்டு மூட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டாரு!"

நாற்பது முறமும் ஒரே நேரத்தில் நின்றது. பிறகு கூடம் இடிகிற மாதிரி சிரிப்பு.

"எங்கடி அந்தக் கொழுந்தன்?"

"அந்தா, தூணுக்குப் பின்னால. தூணு ஒல்லி, ஆளு தெரியுது."

"ஏன் ராசா, மெட்ராசுல புலியா இருக்கு?"

"எம்மவன் தேனிக்கே போகமாட்டேன்னு மூணு நாள் காச்சல்ல படுத்தான். பொய்க் காச்சல்!"

"என்னய மொதநாள் இங்க வேலைக்கு விட்டப்ப நான் வாசல்லயே நின்னு அழுதேன்ல? கேளு, அவளக் கேளு."

கொஞ்ச நேரத்தில் என்னை மறந்துவிட்டார்கள். யார் யார் எதற்கெல்லாம் பயந்து எங்கே ஒளிந்தார்கள் என்று அவர்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். மேற்பார்வை பார்க்கிற அம்மா எழுந்துபோய், சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார்.

"நேத்தே கெடச்சிருச்சு. பிள்ளை நல்லாப் படிக்கணும்னு யாரோ வேண்டுதலுக்கு மூட்டைல வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அதான் சாமிகிட்ட வச்சேன்" என்றார். திறந்து பார்த்தேன். தலைமையாசிரியர் கையெழுத்துக்குப் பக்கத்தில் பட்டையாகக் குங்குமம்.

வீட்டுக்கு வரும் வழியில் மதினி நின்றார்.

"சரி. போறியா, போகலையா? அத மட்டும் சொல்லு. போகலைன்னா மாமாகிட்ட நானே சொல்லிர்றேன். வைவாரு. நாலு நாள் வைவாரு, பெறகு மறந்துருவாரு."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார். ரோட்டில் இரண்டு லோடு ஜீப்பு போகும்வரை காத்திருந்தார். அப்புறம், "என்ன பயம்? ஒவ்வொண்ணாச் சொல்லு" என்றார். கக்கூஸிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுகிற இடம்வரைக்கும் சொன்னேன். விரலை மடக்கிக்கொண்டே கேட்டார்.

"இதுல ஒண்ணுக்குமே எனக்குப் பதில் தெரியாது. நான் மதுரையத் தாண்டுனதில்ல. ஆனா அங்கன இருக்கிறவங்களுக்குத் தெரியும்ல? நானும் கூட வர்றேன். எல்லாத்தையும் கேட்டுப் பாப்போம். சரிப்படலைன்னா சாயங்காலமே ரெண்டு பேரும் திரும்பிருவோம்."

என்னைக் கொண்டுபோய் விடுவதாக இருந்தது அப்பாதான். மதினி கூட வருவதாகச் சொன்னதும், "அப்பாடா... அதாவது, தோட்டத்துல மருந்தடிக்கிற சோலி கெடக்கு, அதுவும் நல்லதாப் போச்சு" என்றார்.

"மாமா, உங்களுக்கும் மெட்ராசுன்னா பயமா?" என்று மதினி கேட்டார். அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

சென்னையில் முதலில் அலுவலகம். சான்றிதழ் சரிபார்க்கிற குமாஸ்தா என் டி.சி.யைக் கையில் எடுத்தார், மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னம்மா இது, பாயாச வாசனை வருது?"

"ஏலக்கா மூட்டைக்குள்ள இருந்துச்சு சார்."

"மூட்டைக்குள்ள எதுக்குப் போச்சு?"

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். "மழைக்காலம் சார். ஈரம் பட்றக்கூடாதுன்னு வச்சிருந்தோம்" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். குங்குமத்தைப் பற்றிக் குமாஸ்தா கேட்கவில்லை. பழகியிருப்பார்.

அப்புறம் விடுதி. வார்டன் அறைக்கு முன்னால் அறுபது பையன்கள் பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். பக்கத்தில் அப்பாக்கள். ஒருத்தர்கூடப் பேசவில்லை. எல்லார் மூஞ்சியும் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. என் முறை வந்தது. வார்டன் அறை எண்ணை எழுதிக் கொடுத்து, "அடுத்தது" என்றார்.

"ஐயா, ஒரு நிமிசம்" என்றார் மதினி. "கக்கூஸு உக்காருறதா, குத்தவைக்கிறதா?"

வரிசை முழுவதும் கூரையைப் பார்த்தது. ஆனால் யாரும் காதை மூடிக்கொள்ளவில்லை.

"ரெண்டும் இருக்கும்மா."

"சரி. சோறு ரெண்டாந்தடவை கேட்டாப் போடுவீங்களா?"

"போடுவோம்."

"மொறைக்காம போடுவீங்களா?"

வார்டன் பேனாவை மூடினார். "சமையல்காரர்கிட்டச் சொல்றேன்ம்மா."

"பாடம் புரியலைன்னா கையத் தூக்கிக் கேட்டா வைவாங்களா?"

"ஒண்ணு ரெண்டு பேர் வைவாங்க. மத்தவங்க சொல்லித் தருவாங்க."

"பிள்ளைங்க அழுவாங்களா?"

"முதல் வாரம் பாதிப் பேர் அழுவாங்கம்மா."

"எங்க வச்சு?"

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். யோசித்தார். "மொட்டை மாடியில. தண்ணித் தொட்டிக்குப் பின்னால."

"அதப் பூட்டி வைப்பீங்களா, தொறந்திருக்குமா?"

"தொறந்தே இருக்கட்டும்மா" என்றார் வார்டன். இத்தனை நாள் பூட்டித்தான் வைத்திருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் நல்லது என்று இருந்தது. அப்போது எனக்குப் பின்னால் தகரப்பெட்டியோடு நின்ற பையன் குனிந்து, "அக்கா, துணி காயப்போட இடம் இருக்கான்னு கேளுங்க" என்றான். மதினி கேட்டார். அவனுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று வந்தது. வேட்டி கட்டிய ஒரு பெரிய மீசைக்காரர் வரிசையிலிருந்து எட்டி, "தங்கச்சி, எம்பய தூக்கத்துல எந்திரிச்சு நடப்பான். கீழ் ரூம் கெடைக்குமான்னு கேளு தாயி" என்றார். அந்தப் பையன் தன் அப்பாவைக் கொன்றுவிடுகிற மாதிரி பார்த்தான். என்னைவிடக் கேவலப்பட்ட ஒருத்தன் கிடைத்ததில் எனக்கு ஊரைவிட்டு வந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு தெம்பு வந்தது. வரிசையின் கடைசியிலிருந்து கேள்விகள் கைமாறிக் கைமாறி மதினியிடம் வந்து சேர்ந்தன. கொஞ்ச நேரத்தில் வார்டன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, "உக்காந்தே கேளுங்கம்மா" என்றார்.

சாயங்காலம், முத்திரை போட்ட ரசீதை வாங்க மறுபடி அலுவலகத்துக்குப் போனோம். அதே குமாஸ்தா. விடுதிக் கதை அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது. சிரித்துக்கொண்டே, "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார்.

மதினி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். அவர் தயங்கி நான் பார்த்ததில்லை.

"எட்டாப்பு படிச்சவங்களுக்கு இங்க ஏதாச்சும் இருக்கா சார்?"

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான்."

குமாஸ்தா சிரிப்பை நிறுத்தினார். நல்ல மனுஷர். "இங்க இல்லம்மா. பத்தாவது, பன்னண்டாவது தனியா எழுதிட்டுத்தான் வரணும்."

"எத்தன வருசம் ஆகும்?"

அவர் விரல்விட்டுப் பார்த்துச் சொன்னார். மதினி தலையை ஆட்டினார். "சரி சார். கேட்டுப் பாத்தேன்."

வாசல்வரை மரங்களுக்கு நடுவில் நீளமான பாதை. மதினி இரண்டு பக்கமும் கட்டடங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அது என்ன கட்டடம், இது என்ன கட்டடம் என்று யாரிடமும் கேட்கவில்லை. அப்போது நானாவது அவரிடம் ஏதாவது கேட்டிருக்கலாம். அவருக்கு அன்றைக்கு வயது இருபத்தாறு.

பஸ் நிலையத்தில், மெட்ராஸ்காரன் ஆகிவிட்ட மிதப்பில், நானே ஒரு பஸ்ஸைக் காட்டி, "இதுதான் மதினி, ஏறுங்க" என்றேன். அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம் ஏதோ கேட்டுவிட்டு இறங்கினார்.

"இது திருப்பதி போகுதாம். மொட்ட போட்டுட்டு வரட்டா?"

சரியான பஸ்ஸை அவரே கேட்டுக் கண்டுபிடித்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கீழே நின்றேன். என் பெட்டி விடுதியில் இருந்தது. ஆனால் சட்டைப்பையில் திரும்பிப் போகிற பணம் இருந்தது. அவருக்கும் அது தெரியும்.

"சொல்லு தம்பி. ஒரு டிக்கெட்டா, ரெண்டா?"

நான் வாயைத் திறந்து யோசித்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் ஒன்றைக் கிழித்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் வாழ்க்கையின் முக்கியமான முடிவை எடுத்தவர் அந்தக் கண்டக்டர்தான். பெயர்கூடத் தெரியாது. பஸ் நகர்ந்தது. மதினி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

அறைக்குத் திரும்பினேன். தகரப்பெட்டிப் பையன்தான் அறைத்தோழன். கட்டிலில் உட்கார்ந்து அவனுடைய அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தான். நான் பெட்டியைத் திறக்காமலே அதன்மேல் உட்கார்ந்தேன்.

"அக்கா எங்க?" என்றான்.

"பஸ் ஏத்திவிட்டுட்டேன். எனக்கும் இங்க சரிப்படும்னு தோணல. நாளைக்குக் காலையில கெளம்பிரலாம்னு பாக்குறேன்."

அவன் முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ போறதுன்னாப் போடா. அவங்கள எதுக்கு அனுப்புன?"